அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 19ஆம் நூற்றாண்டு கிரியோல் (அங்கேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்சு, ஸ்பானிய வழியினர்) குடும்ப வாழ்க்கையைப் பார்க்க எந்த வீட்டுக்குப் போகலாம்?

ஒரே வீடுதான் என்றால், நகரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில் உள்ள ஹெர்மன்-க்ரீமா வீடு. 1831இல் சாமுவேல் ஹெர்மன் என்ற ஜெர்மானிய யூத வணிகருக்காகக் கட்டப்பட்டது. 1844இல் வழக்கறிஞர் ஃபெலிக்ஸ் க்ரீமா வாங்கினார். 1921 வரை அவர் குடும்பத்திடம்தான் இருந்தது.

முன்கூடமும் சாப்பாட்டு அறையும் அழகுதான், சரி. ஆனால் என்னைக் கேட்டால், முற்றத்தைத் தாண்டிய பின்கட்டுதான் முக்கியம். நெருப்புக்கும் வெக்கைக்கும் பயந்து சமையலறையைப் பிரதான வீட்டிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த விறகடுப்பின் சூட்டில் நின்று சமைத்தவர்கள் வீட்டுக்காரர்கள் அல்ல, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். அவர்கள் தங்கியதும் அந்தப் பின்கட்டில்தான். வழிகாட்டியிடம் அவர்களைப் பற்றிக் கேளுங்கள்.

முடிந்தால் அக்டோபரில் போங்கள். அப்போது கறுப்புத் துணி போர்த்தி, அக்கால கிரியோல் துக்க வீடு எப்படி இருக்கும் என்று காட்டுவார்கள்.