நாடகம், நடிப்பு, அப்புறம் டைரக்‌ஷன்: மகள் சொல்லும் வழி சரிதானா?

சார், உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பிளஸ் டூ முடிக்கப்போகிற மகள் முதலில் நாடகம், பிறகு சினிமாவில் நடிப்பு, அப்புறம் டைரக்‌ஷன் என்று ஒரு வரிசை சொல்கிறாள், இது நடக்கிற காரியமா என்பது ஒன்று. நடக்காமல் போனால் அவள் கதி என்ன என்பது இன்னொன்று. உங்களைத் தூங்கவிடாதது இரண்டாவதுதான் என்று தெரிகிறது. ஆனால் முதல் கேள்வியைச் சரியாகப் பார்த்துவிட்டால் இரண்டாவதின் பாதி பயம் குறையும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நடக்கிற காரியம்தான். கல்லூரி நாடகம், நடிப்புப் பயிற்சி என்று வந்த நாசர் 1985-ல் கே. பாலசந்தரின் 'கல்யாண அகதிகள்' படத்தில் அறிமுகமானார், 1995-ல் 'அவதாரம்' இயக்கினார், கூத்துக் கலைஞர்களைப் பற்றிய படம் அது. 1980-ல் நடிக்க வந்த சுஹாசினி 1995-ல் 'இந்திரா'வை இயக்கினார். 'மண்வாசனை'யில் 1983-ல் வந்த ரேவதி இயக்கிய 'மித்ர், மை ஃப்ரெண்ட்' 2002-ல் வெளியானது, ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. கன்னட நாடக மேடையிலிருந்து வந்த பிரகாஷ்ராஜ் 'டூயட்' மூலம் 1994-ல் தமிழுக்கு வந்தார், தமிழில் அவர் இயக்கிய 'தோனி' 2012-ல் வந்தது.

வருடங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். வந்ததற்கும் இயக்கியதற்கும் இடையில் 10, 15, 19, 18 வருடங்கள். நல்ல பெயரும் தொடர்ந்து வாய்ப்பும் இருந்தவர்களுக்கே இவ்வளவு ஆகியிருக்கிறது. உங்கள் மகளோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பேசுங்கள், பயமுறுத்துவதற்காக இல்லை. 18 வயதில் எடுக்கிற ஒரு முடிவு 35 வயது வரை அவளைத் தாங்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்கிற ஒரு விஷயம் இருக்கிறது. ஆபீஸில் சீனியாரிட்டிப்படி பதவி உயர்வு வருகிற மாதிரி, நடித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் டைரக்டர் நாற்காலி வந்துவிடாது. அது வேறு வேலை. சுஹாசினியையே எடுத்துக்கொள்ளுங்கள், நடிக்க வருவதற்கு முன்பே ஒளிப்பதிவு படித்தவர், அசோக்குமாரிடம் கேமரா உதவியாளராக இருந்தவர். லென்ஸும் லைட்டும் தெரிந்துதான் கேமராவுக்கு முன்னால் வந்தார். உங்கள் மகள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: நடிக்கிற வருடங்களில் கூடவே என்ன கற்றுக்கொள்கிறோம் என்பது.

கற்றுக்கொள்ள ஷூட்டிங் ஸ்பாட்டைப் போல் ஓர் இடம் கிடையாது, கேரவனுக்குள்ளேயே உட்கார்ந்துவிடாமல் இருந்தால். ஓர் அம்மாவும் மகளும் சண்டை போடுகிற சாதாரணக் காட்சி என்று வைத்துக்கொள்வோம். முதலில் இருவரையும் சேர்த்து வைட் ஷாட். பிறகு அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து மகள், அப்புறம் மகள் பக்கமிருந்து அம்மா, கடைசியில் குளோஸப். அதே அழுகை நான்கு தடவை வர வேண்டும், அதே வார்த்தையில் தலை திரும்ப வேண்டும், கையில் இருக்கிற டம்ளர் அதே வரியில் கீழே வைக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஷாட் ஒட்டாது. சில சமயம் அம்மாவாக நடித்தவர் கால்ஷீட் முடிந்து கிளம்பியிருப்பார், உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று அவர் வசனத்தைப் படிக்க, வெற்றிடத்தைப் பார்த்து இவள் அழ வேண்டும். நடிகைக்கு இது சிரமம் மட்டும்தான். டைரக்டர் ஆக நினைக்கிறவளுக்கு, ஏன் இந்த வரிசையில் எடுத்தார்கள், எந்த ஷாட்டை எடுக்காமல் விட்டார்கள், வெளிச்சம் போவதற்குள் எதை முதலில் முடித்தார்கள் என்று ஒவ்வொன்றும் பாடம். அன்றைக்கு ராத்திரியே நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். படம் வந்த பிறகு அந்த நோட்டை வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் சினிமாவுக்குக் காத்திருக்காமலேயே இயக்கத்தைத் தொடங்க ஓர் இடம் இருக்கிறது, அது நாடகம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவள் போட்ட வரிசையில் நான் மாற்றச் சொல்வது இது ஒன்றைத்தான். டைரக்‌ஷன் கடைசிப் படியாக இருக்க வேண்டியதில்லை. கல்லூரி முதல் வருடத்திலேயே நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு இருபது நிமிட நாடகம் ஒன்றை அவள் இயக்கலாம். அதற்குப் பெரிய முதல் தேவையில்லை, ஒரு காலி வகுப்பறை போதும். ஒத்திகையில் ஒரு பையன் வசனத்தை ஒப்பிப்பான், இவள் "இன்னும் ஃபீலோடு சொல்" என்பாள், அவன் கத்துவான். அப்புறம்தான் இவளுக்கு உறைக்கும், அவனுக்குத் தேவை ஃபீல் இல்லை, செய்வதற்கு ஒரு வேலை என்று. சட்டையை மடித்துக்கொண்டே அந்த வசனத்தைச் சொல்லச் சொன்னால் காட்சி தானாக உயிர் பெறும். நடிகர்களோடு பேசத் தெரிந்த இயக்குநர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவர்களிடம் இருப்பது இந்த அறிவுதான். நாடகத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் போன்ற சினிமா நடிகர்கள் வந்ததைப் பார்த்தாலே மேடைப் பயிற்சியின் அருமை புரியும்.

சரி, படிப்பு. பிளஸ் டூ முடித்தவுடன் நேராக டைரக்‌ஷன் படிக்க வேண்டும் என்றால் சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் இயக்கமும் திரைக்கதையும் சேர்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது, ஒளிப்பதிவு, படத்தொகுப்பும் தனித்தனிப் படிப்புகளாக இருக்கின்றன. இடங்கள் கொஞ்சம்தான். கிடைக்காவிட்டால் வாழ்க்கை போய்விட்டது என்று யாரும் உட்கார வேண்டாம். நல்ல நாடகக் குழு இருக்கிற கல்லூரியில் தமிழோ ஆங்கில இலக்கியமோ விஸ்காமோ எதுவாக இருந்தாலும் ஒரு பட்டம் வாங்கட்டும். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருடப் படிப்புக்குப் பட்டம் தேவை, ஏற்கெனவே பல நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள். புனே திரைப்படக் கல்லூரியின் டைரக்‌ஷன் படிப்புக்கும் பட்டம் வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை படிக்கலாம், நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இதை யோசிப்பதே இல்லை. என் கருத்தைக் கேட்டால், உங்கள் மகளுக்கு முதலில் பட்டமும் நாடகமும், அதற்குப் பிறகு இந்த மூன்றில் ஒன்று. விதிமுறைகளை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், யாரோ யூடியூபில் சொன்னதை நம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. உதவி இயக்குநராகச் சேர்ந்தால் ஆரம்பத்தில் சம்பளம் மிகக் குறைவு, ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் இடையில் மாதக்கணக்கில் வருமானமே இல்லாமலும் இருக்கும். நடிப்பிலும் அப்படித்தான். ஆகவே சாப்பாட்டுக்கு ஒரு வழி தனியாக வேண்டும். கே. பாலசந்தர் சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாடகங்கள் எழுதி மேடையேற்றினார், 1965-ல் இயக்கிய முதல் படமான 'நீர்க்குமிழி'யே அவருடைய நாடகம்தான். கூத்துப்பட்டறையில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே நடிப்பைக் கவனித்தவர் விஜய் சேதுபதி. குரலும் உச்சரிப்பும் தெளிவாக இருக்கிற பெண்ணுக்கு டப்பிங், விளம்பரக் குரல், ஒலிப்புத்தகம் என்று வேலைகள் இருக்கின்றன. பள்ளிகளில் நாடகப் பயிற்சி கொடுக்கலாம். எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டால் அதுவே சோறு போடும், டைரக்‌ஷனுக்கும் அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பெண் பிள்ளை என்பதால் நீங்கள் எழுதத் தயங்கி விட்டுவிட்டதை நானே சொல்கிறேன். உங்கள் பயம் நியாயமானது. மலையாள சினிமாவில் பெண்கள் படும் தொல்லைகளைப் பற்றிக் கேரளத்தில் 2024-ல் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கையைப் படித்த யாரும் அதை வீண் பயம் என்று சொல்ல மாட்டார்கள். அதற்காகக் கதவைச் சாத்திவிடாதீர்கள், விவரத்தோடு அனுப்புங்கள். ஆடிஷனுக்கு, போர்ட்ஃபோலியோவுக்கு, வாய்ப்புக்கு என்று பணம் கேட்கிறவனிடம் அந்த நிமிடமே பேச்சை முடித்துவிட வேண்டும். ஹோட்டல் அறையில், நேரங்கெட்ட நேரத்தில் ஆடிஷன் என்றால் போக வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் வருடச் சட்டம், சினிமா கம்பெனிக்கும் அது பொருந்தும். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஏதாவது தப்பாக நடந்தால் "நான் அப்பவே சொன்னேனே" என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இருக்கிற பெண்தான் அன்றைக்கே வீட்டுக்கு போன் பண்ணுவாள்.

பரீட்சை முடிந்து ரிசல்ட் வருகிற வரைக்கும் உள்ள நாட்களில் அவளை ஏதாவது ஒரு நாடகக் குழுவின் ஒத்திகைக்கு அழைத்துப் போங்கள், நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பச் செய்கிற அலுப்பை அவள் எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும், நான்கு பேர் நடிக்கிற மாதிரி பத்துப் பக்கத்தில் ஒரு நாடகம் எழுதச் சொல்லுங்கள். அதை இங்கே அனுப்பிவைத்தால் நான் படித்துவிட்டு, தரமணிக்கு விண்ணப்பிப்பதா கலைக் கல்லூரிக்கா என்று உங்கள் இருவரிடமும் சேர்த்தே பேசுகிறேன்.