ஐந்து மாதமாக ஆறாத பாதப்புண்: வாக்யூம் கட்டா, ஆக்சிஜன் அறையா, ஜெல்லா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் குழித்தறி நெய்யும் என் அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை நோய் 14 ஆண்டுகளாக இருக்கிறது. இடது உள்ளங்காலில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, ஒரு ரூபாய் நாணய அளவில் வந்த புண் ஐந்து மாதமாகியும் ஆறவில்லை. வலி இல்லாததால் அவர் தறியில் உட்காருவதை நிறுத்தவும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறோம். மூன்று முறை ஆன்டிபயாடிக் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மருத்துவமனையில் வாக்யூம் சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். ஏற்காட்டில் இருக்கும் மாமா, ஆக்சிஜன் அறையில் வைத்தால் ஆறிவிடும் என்கிறார். வேறொருவர் வளர்ச்சிக் காரணி ஜெல்லைப் பரிந்துரைத்தார். இவற்றில் எதற்குச் செலவு செய்யலாம்? விரலை எடுக்க வேண்டி வருமா?

பதில்: நீங்கள் எழுதியவற்றுள் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த மூன்று சிகிச்சைகளின் பெயர்கள் அல்ல, வலி இல்லாததால் அப்பா தறியை விடவில்லை என்ற வரிதான். குழித்தறியில் ஒவ்வோர் ஊடை இழைக்கும் ஒரு மிதி உண்டு; அந்த மிதி விழுவது பெரும்பாலும் முன்பாதத்தில், அதாவது புண் இருக்கும் அதே இடத்தில். பாதத்தில் உணர்வு இருக்கும் ஒருவர் அப்படிப்பட்ட புண்ணோடு ஒரு முழம்கூட நெய்ய முடியாது. அவரால் நாள் முழுவதும் நெய்ய முடிகிறது என்றால் நரம்புகள் மரத்துவிட்டன என்று பொருள். இரவில் கட்டுக்குள் வளரும் மென்மையான புதுச் சதை பகலில் மிதிபட்டு நசுங்குகிறது. இந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த மருந்தைத் தடவினாலும் அது ஓதமேறிய சுவரில் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பானதாகவே முடியும்.

ஆகவே எந்த நவீன சிகிச்சைக்கும் முன்பாக, ரத்த ஓட்டம் போதுமானதா, புண்ணின் அடியில் எலும்பு வரை கிருமி போயிருக்கிறதா, புண்ணின் மீது விழும் அழுத்தம் நீங்கியிருக்கிறதா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தாக வேண்டும். இவற்றுக்கு விடை காணாமலேயே வாக்யூம் கருவியைப் பரிந்துரைக்கும் இடத்தில், அந்தப் பரிசோதனைகளை எப்போது செய்வீர்கள் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

ரத்த ஓட்டத்தை அறிய, டாப்ளர் கருவியால் கணுக்காலின் ரத்த அழுத்தத்தை அளந்து கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.9 முதல் 1.3 வரை இருந்தால் இயல்பு என்பது பொது விதி. ஆனால் நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தக் குழாயின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து குழாய் விறைத்துப்போவதால், உள்ளே அடைப்பு இருந்தும் விகிதம் இயல்பாகவோ மிகையாகவோ காட்டக்கூடும், எனவே 1.3-க்கு மேல் வந்தால் நல்ல ஓட்டம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. இத்தகையவர்களுக்குக் கால்விரலிலேயே எடுக்கும் அழுத்தம் நம்பகமானது. அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால், அடைப்பை நீக்காமல் புண் ஆறும் என்று எதிர்பார்ப்பது வீண். ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ விரைந்து முடிவு செய்யப்பட வேண்டும். நல்ல பராமரிப்பு இருந்தும் நான்கு முதல் ஆறு வாரங்களில் ஆறாத புண்ணுக்கு, இந்த எளிய அளவீடுகள் எப்படி இருந்தாலும் ரத்தக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது. உங்கள் அப்பாவுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. அவருக்குப் பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்ற பேச்சுக்கு இடமில்லை.

அடுத்தது எலும்பு. பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், பட்டாணி அளவில் இரண்டு சிறிய எலும்புகள் தசைநாருக்குள் பதிந்திருக்கின்றன. அந்த இடத்துப் புண் ஆழமாகும்போது முதலில் சிக்குபவை பெரும்பாலும் அவைதான். மருத்துவர் மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெல்ல விட்டுப் பார்ப்பார். கடினமாக ஏதோ தட்டுப்பட்டால் எலும்பில் கிருமி இருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கிறது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், தொடக்கத்தில் எடுத்த படம் சரியாக இருந்தது என்பது இன்றைக்குச் சான்றாகாது. மறுபடியும் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். எலும்பில் கிருமி உறுதியானால், எலும்பை அகற்றாமல் மருந்தால் மட்டும் குணப்படுத்தும் முறையில் ஏறத்தாழ ஆறு வாரம் ஆன்டிபயாடிக் தேவைப்படும். தசையளவில் நிற்கும் தொற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் போதும்.

மூன்று முறை ஆன்டிபயாடிக் மாற்றியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. அது புண்ணை ஆற்றும் மருந்து அல்ல. ஆறாத எல்லாப் புண்ணின் மேற்பரப்பிலும் கிருமிகள் குடியிருக்கும். பஞ்சுக் குச்சியால் மேலாக ஒற்றி எடுத்த மாதிரியில் ஏதாவது ஒரு கிருமியின் பெயர் வந்தே தீரும், அதற்கேற்ப மருந்து மாறிக்கொண்டே போகும். தொற்று இருப்பதாகக் கண்டால், புண்ணைச் சுத்தம் செய்த பிறகு அடியிலிருந்து ஒரு துளி திசுவை எடுத்துச் சோதிப்பதே முறை.

மூன்றாவதான அழுத்தத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் புண்ணைச் சுற்றி வெளுத்துத் தடித்த காய்ப்பு ஒரு வளையம்போல இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதைக் கத்தியால் சீவி எடுத்தால், வெளியே நாணய அளவில் தெரிந்த புண் உள்ளே அதைவிட அகலமாகக் குடைந்திருப்பது பல சமயம் தெரியவரும். செத்த தோலையும் சதையையும் இப்படி அகற்றுவதே புண் சிகிச்சையின் முதுகெலும்பு. மரத்த பாதமாதலால் பெரும்பாலும் வலி இருக்காது. ஆனால் ரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகே, பயிற்சி உள்ளவர் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வீட்டில் பிளேடு எடுக்க வேண்டாம். காய்ப்புக்கென்று கடையில் விற்கும் அமிலப் பிளாஸ்திரியும் வேண்டாம்.

அதன் பிறகு, முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை உடலோடு ஒட்டிய ஒரு மாவுக்கட்டையோ, நோயாளியே கழற்ற முடியாதபடி பூட்டிய காலணிக் கருவியையோ போடுகிறோம். நடக்கும்போது உடல் எடை முன்பாதத்தில் குவியாமல் பாதம் முழுவதும் பரவுகிறது, ஒரு பகுதியைக் கெண்டைக்காலும் ஏற்றுக்கொள்கிறது. ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, தொற்று இல்லாமல் இருந்தால், முன்பாதப் புண்ணுக்கு இன்றளவும் முதல் தேர்வு இதுதான். இத்தகைய புண்களில் பல ஆறு முதல் எட்டு வாரங்களில் மூடிவிடுவதைப் பார்க்கிறோம். கழற்றக்கூடிய காலணியைக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கழற்ற முடிந்தால் வீட்டுக்குள் கழற்றிவிடுவார்கள், குளியலறைக்கு வெறுங்காலோடு போவார்கள், ‘இந்த ஒரு சேலையை மட்டும் முடித்துவிடுகிறேன்’ என்று தறியிலும் இறங்கிவிடுவார்கள். கட்டை முதலில் சில நாட்களிலும், பின்பு வாரத்துக்கு ஒருமுறையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மற்ற காலின் செருப்பைக் கட்டின் உயரத்துக்குச் சமமாக்காவிட்டால் இடுப்பு வலிக்கும். கட்டோடு சம்மணமிட முடியாது, குழித்தறியிலும் உட்கார முடியாது. வீட்டு வருமானத்துக்கு அது பெரிய அடி என்பதை அறிந்தே சொல்கிறேன். அந்த வாரங்களில் ஊடை நூலைத் தாராகச் சுற்றுவதுபோல் காலால் மிதிக்காத வேலை ஏதேனும் கிடைக்குமா என்று பாருங்கள். கட்டுப் போட்டும் ஆறாவிட்டால், குதிகால் நாணைச் சிறிது நீளமாக்குவது, துருத்தும் எலும்பு முனையை எடுப்பது போன்ற அறுவை சிகிச்சைகளால் அழுத்தத்தை உள்ளிருந்தே குறைக்கலாம். விளம்பரங்களில் இவை அதிகம் வருவதில்லை, ஆனால் உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்குப் பல ஜெல்களைவிட இவை பயன் தருபவை.

இனி நீங்கள் கேட்டவை. வாக்யூம் சிகிச்சையில், துளைகள் கொண்ட பஞ்சைப் புண்ணுக்குள் வைத்து, மேலே காற்றுப் புகாத பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஒரு குழாய் வழியாகப் பொதுவாக 125 மி.மீ. பாதரச அளவுக்கு உறிஞ்சுவார்கள். நீர் வடிகிறது, வீக்கம் குறைகிறது, சிவந்த புதுச் சதை விரைவாக நிரம்புகிறது. பஞ்சை 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். சீழ் எடுத்த பிறகோ விரல் அகற்றிய பிறகோ உண்டாகும் பெரிய, ஆழமான குழிக்கு இது நல்ல துணை. சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அறுவைக்குப் பிந்தைய காயங்களுக்கே இதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. அறுவை செய்யாத சாதாரணப் பாதப்புண்ணுக்குப் பரிந்துரைக்கவில்லை. நாணய அளவுப் புண்ணுக்கு இன்றைய நிலையில் இது தேவையில்லை என்பது என் கருத்து. செத்த சதை மூடியிருக்கும் இடத்திலும், சிகிச்சை பெறாத எலும்புத் தொற்றின் மேலும் இதைப் பொருத்தவே கூடாது.

ஆக்சிஜன் அறையில், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். ஓர் அமர்வு ஏறத்தாழ 90 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் வீதம் 30 முதல் 40 அமர்வுகள் வேண்டியிருக்கும். ரத்த ஓட்டம் குறைந்து, அதற்கான சிகிச்சையும் மற்றப் பராமரிப்பும் முறையாக நடந்தும் ஆறாத புண்ணுக்கு இதைக் கூடுதல் சிகிச்சையாகக் கருதலாம் என்பதே அதே வழிகாட்டுதலின் நிலைப்பாடு. அடைப்பு நீக்கத்துக்கு இது மாற்று ஆகாது. காதையும் நுரையீரலையும் முதலில் சோதிக்க வேண்டும். அமர்வின்போது ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். இதற்காக வெளியூருக்குத் தினமும் பேருந்து ஏறி இறங்கி நடந்தால், அழுத்தத்தைக் குறைக்க நாம் செய்த வேலை வழியிலேயே கெட்டுவிடும். மாமாவின் அக்கறைக்கு நன்றி சொல்லிவிட்டு, இதைக் கடைசிக் கட்டத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

புதுச் சதை வளர்வதைத் தூண்டும் புரதம் கலந்த வளர்ச்சிக் காரணி ஜெல் சுமார் கால் நூற்றாண்டாகப் புழக்கத்தில் உள்ளது. அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. ஆரம்ப ஆய்வுகள் நம்பிக்கை தந்தாலும், பின்வந்த மதிப்பீடுகள் அவ்வளவு உறுதியாக இல்லாததால் வழிகாட்டுதல்கள் இதை வழக்கமாகப் பயன்படுத்தச் சொல்வதில்லை. வெள்ளி கலந்த கட்டு, தேன் கட்டு, கொலாஜன் தாள் ஆகியவற்றின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கசிவை உறிஞ்சவும் ஈரப்பதத்தைக் காக்கவும் ஏற்ற கட்டு எதுவோ அதைத் தேர்ந்தால் போதும். ஓரளவு வலுவான சான்றுள்ளவை வேறு சில: நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து வெள்ளணுவும் தட்டணுவும் சேர்த்து உறையவைத்துச் செய்யும் ஒட்டு, தொற்றில்லாத, ரத்த ஓட்டம் சற்றுக் குறைந்த புண்ணுக்கான சுக்ரோஸ் ஆக்டாசல்பேட் கட்டு, நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து செய்யும் படலம். தட்டணு செறிந்த ரத்தநீரை ஊசிமூலம் செலுத்தும் சாதாரண பி.ஆர்.பி. முறையையும் அந்த ஒட்டையும் ஒன்றெனக் கருதிவிடாதீர்கள். வீட்டில் மஞ்சள், காப்பித்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் புண்ணில் இட வேண்டாம். ஏற்காட்டுத் தோட்டங்களில் வெட்டுக்காயத்துக்குக் காப்பித்தூள் வைக்கும் பழக்கம் சர்க்கரைப் புண்ணுக்கு ஒத்துவராது.

இவற்றில் ஏதேனும் ஒன்றுக்குச் செலவு செய்ய வேண்டுமா என்பதை நான்கு வாரங்களில் நீங்களே தீர்மானிக்கலாம். ஒவ்வொரு வாரமும் கட்டு மாற்றும்போது புண்ணின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அருகில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அழுத்தம் நீக்கி, சுத்தம் செய்து, சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்து நான்கு வாரம் கழித்துப் பரப்பு பாதியாகக் குறைந்திருந்தால், அதே சிகிச்சையைத் தொடர்ந்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். குறையாவிட்டால், முதலில் ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் மறுபடி பார்த்துவிட்டு, பிறகே மேற்சொன்னவற்றில் பொருத்தமானதைத் தேடலாம்.

விரலைப் பொறுத்தவரை, எலும்பில் கிருமி இருந்தாலும் பல சமயம் மருந்தாலோ, பாதிக்கப்பட்ட சிறு எலும்பை மட்டும் எடுத்தோ விரலைக் காப்பாற்ற முடிகிறது. ஆனால் பாதம் திடீரென வீங்கிச் சிவந்து சுட்டாலோ, துர்நாற்றம் வந்தாலோ, விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வலி இல்லை என்று காத்திருக்காமல் அதே நாளில் அழைத்துச் செல்லுங்கள். புண் ஆறிய பிறகும் ஓராண்டுக்குள் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு மீண்டும் புண் வருகிறது. அதனால் எம்.சி.ஆர். எனும் மென்மையான ரப்பர் பதித்த செருப்பு வீட்டுக்குள்ளும் காலில் இருக்க வேண்டும், தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், ஆடியில் வேண்டுதலுக்காக வெறுங்காலோடு கோயிலுக்கு நடப்பதையும் தீமிதிப்பதையும் விட்டுவிட வேண்டும். தறிக்குத் திரும்புவதானால் மிதியின் மேல் மென்மையான தடித்த உறை வேண்டும். எத்தனை மணி நேரம் மிதிக்கலாம் என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் தொடங்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ஆஞ்சியோபிளாஸ்டி உள்ளிட்ட எவை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் போகும்போது பழைய எக்ஸ்ரே, இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளின் சீட்டுகள், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் கடைசி எச்பிஏ1சி அறிக்கை ஆகியவற்றோடு, அப்பா தினமும் அணியும் செருப்பையும் எடுத்துச் செல்லுங்கள். அதன் உட்புறத்தில் எந்த இடம் அதிகம் குழிந்திருக்கிறது என்று பார்ப்பது மருத்துவருக்கு மிகவும் உதவும்.