வங்கக் கடல் ஆர்கோ தரவு: கீழே சூடு, மேலே குளிர்ச்சி

தம்பி, வட வங்கக் கடலின் ஜனவரி மாத ஆர்கோ (கடலில் மூழ்கி எழுந்து வெப்பமும் உப்பும் அளக்கும் தானியங்கி மிதவைகள்) தரவில் மேற்பரப்பைவிட 40 மீட்டர் ஆழத்தில் சூடு அதிகமாகக் காட்டுகிறது, மிதவை பழுதா, அந்த வரிகளை அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்! பக்கத்திலேயே உப்புத்தன்மை இருக்குமே, அதைப் பாருங்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீர் லேசானது, மேலே மூடிபோலக் கிடக்கும். குளிர்காலத்தில் அது ஆறினாலும் உப்புக் குறைவால் கீழே இறங்காது. அடியில் உள்ள சூடு அப்படியே தங்கிவிடும். மேலே உப்புக் குறைந்து, கீழே சட்டென்று ஏறினால் உங்கள் மிதவை சரியாகத்தான் சொல்கிறது.

அப்புறம், தரக் குறி 4, அதாவது ‘மோசமான தரவு’ என்று இருந்தால் மட்டும் தயங்காமல் தள்ளுங்கள். கடலைக் கணக்கிடும் கணினி மாதிரியில் இந்தச் சூடு வரவில்லையா? முதலில் ஆற்றுநீர் வரத்தைச் சரிபாருங்கள். பெங்களூரிலேயே இருக்கிறீர்கள், இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்.சி.) வளிமண்டல, கடல் அறிவியலுக்கென்றே ஒரு மையம் உண்டு. அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.