குலுக்கலில் தோற்றால் வழக்கு இல்லை, குலுக்கலிலேயே சேர்க்காவிட்டால் உண்டு

கேள்வி: சென்னை வளசரவாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் வீட்டிலேயே தைக்கிறேன். ஒன்பது மாதத்துக்கு முன் பட்டாபிராமிலிருந்து இங்கே வந்தோம். மகளுக்கு மூன்றரை வயது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எல்.கே.ஜி. சேர்க்க இரண்டு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தோம். எங்கள் தெருமுனையில் இருக்கும் பள்ளி, 'முகவரி ஒரு கிலோமீட்டருக்கு அப்பால்' என்று நிராகரித்துவிட்டது. ஆதார், ரேஷன் கார்டு இரண்டிலும் பழைய முகவரிதான் இருக்கிறது. இன்னொரு பள்ளிக் குலுக்கலில் பெயர் வரவில்லை, காத்திருப்புப் பட்டியலில் இரண்டாவது. தேர்வான குழந்தைகளில் சிலர் சேரவில்லை என்று கேள்விப்பட்டோம். ஆனாலும் எங்களைக் கூப்பிடவில்லை. மூன்றாவதாக விசாரித்த பள்ளி, 'நாங்கள் சிறுபான்மைப் பள்ளி, எங்களுக்கு அந்தச் சட்டமே கிடையாது' என்றது. அடுத்த வருஷம் தெரிந்தவர் வீட்டு முகவரியைக் கொடுக்கலாம் என்கிறார் கொழுந்தனார். வழக்குப் போட முடியுமா? செலவு ஆகுமா?

வாசகி, சென்னை

பதில்: சகோதரி, உங்களுக்குப் பிடிக்காத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். குலுக்கலில் பெயர் வராததற்கு வழக்குப் போட முடியாது.

காரணம் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. குழந்தையையோ பெற்றோரையோ சலித்தெடுத்துச் சேர்ப்பதை அதன் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 வரை. எது சலித்தெடுப்பு என்பதற்கு 2(ஓ) பிரிவில் விளக்கம் உண்டு. ஒரு குழந்தையை விட்டுவிட்டு இன்னொரு குழந்தையைத் தேர்ந்தெடுக்கும் எந்த முறையும் சலித்தெடுப்புதான், தற்செயலாக எடுக்கும் முறையைத் தவிர. ஆக, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் ஒன்றுதான் வழி. அதிர்ஷ்டத்தின் மேல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியாது.

குலுக்கலுக்கு முன்பே சில இடங்கள் போய்விட்டதைப் பார்த்தும் சந்தேகப்பட வேண்டாம். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்டோர், மூன்றாம் பாலினத்தவர், துப்புரவுப் பணியாளரின் பிள்ளைகள் ஆகியோருக்குத் தமிழ்நாட்டில் முன்னுரிமை இருக்கிறது. மீதி இடத்துக்குத்தான் குலுக்கல்.

ஆனால் உங்கள் பெயரைக் குலுக்கலுக்குள்ளேயே விடவில்லை என்றாலோ, குலுக்கல் முடிந்தபின் பட்டியலை மீறினாலோ கதை வேறு. சில வருஷங்களுக்கு முன், வழக்குக்காக என்னிடம் வந்த ஒருவரோடு குலுக்கலுக்குப் போயிருந்தேன். பள்ளியின் பிரேயர் ஹால். மேஜை மேல் நீல நிறப் பிளாஸ்டிக் வாளி, அதில் மடித்த சீட்டுகள். தகுதிப் பட்டியலில் 41 பெயர். அந்த மனிதர் எழுந்து, "மேடம், எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை எண்ணிடலாமா?" என்றார். தலைமையாசிரியைக்குப் பிடிக்கவில்லை. துறையிலிருந்து வந்திருந்தவர் தலையாட்டியதால் எண்ணினார்கள். 40 தான் இருந்தது. விட்டுப்போன சீட்டு வருகைப் பதிவேட்டின் பின் அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கெட்ட எண்ணம் இல்லை, பசைதான் காரணம். அவர் மகளுக்கு அன்று இடம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்த 41-ஆவது சீட்டு யாருடையதாக இருந்தாலும், அது வாளிக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம் கொடுத்த உரிமை. அதற்காகத் தாராளமாகச் சண்டை போடலாம்.

உங்கள் தெருமுனைப் பள்ளி விஷயம் அந்த வகைதான். 12(1)(சி) பிரிவு, 'அக்கம்பக்கத்தில்' உள்ள நலிந்த பிரிவு, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடம் தரச் சொல்கிறது. எல்.கே.ஜி. இருக்கும் பள்ளியில் எல்.கே.ஜி.யிலிருந்தே இது தொடங்கும். அக்கம்பக்கம் என்பதைத் தொடக்க வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர் என்று நம் மாநில விதி வைத்திருக்கிறது. குழந்தை எங்கே வசிக்கிறது என்பதுதான் கேள்வி. ரேஷன் கார்டு அதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஒன்பது மாதமாக வளசரவாக்கத்தில் தூங்கி எழும் குழந்தையைப் பட்டாபிராம் குழந்தை என்று சொல்வது உண்மைக்குப் புறம்பானது.

சரி, பள்ளியை மட்டும் குறை சொல்ல முடியுமா என்றால், முழுதாக முடியாது. அவர்கள் கையில் இருந்த காகிதம் பட்டாபிராம் என்றுதான் சொன்னது. அதனால் உங்கள் வாதத்துக்கு ஆதாரம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா? 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்திடம் பதிவும் செய்ய வேண்டும். பெரும்பாலான வீட்டு உரிமையாளர்கள் வரிக்குப் பயந்து பதிவு செய்யமாட்டார்கள், எனக்கும் தெரியும். மெதுவாகப் பேசிப் பாருங்கள். குழந்தையின் படிப்புக்கு என்றால் பல ஹவுஸ் ஓனர்கள் இறங்கி வருகிறார்கள். அதோடு, இந்த முகவரிக்கு வந்த கேஸ் பில், அங்கன்வாடிப் பதிவு, தடுப்பூசி அட்டையில் இந்தப் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் முத்திரை என்று எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். தடுப்பூசி அட்டையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தேதியோடு அரசு முத்திரை விழுந்த காகிதம் அது.

இவற்றை வைத்து ஒரு புகார் எழுதுங்கள். 32-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் தரலாம் என்கிறது. அவர்கள் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. நடைமுறையில் காரியம் நடக்கும் இடம் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகம். அதனால் மாநகராட்சிக்குக் கொடுக்கும் புகாரின் நகலை அங்கேயும், முதன்மைக் கல்வி அலுவலரிடமும் கொடுத்து, உங்கள் பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகப் பேசிவிட்டு வருவதில் பயனில்லை.

காத்திருப்புப் பட்டியல் விஷயத்தில் இப்போதைக்கு உங்களிடம் இருப்பது கேள்விப்பட்ட சேதி மட்டும். அதை ஆதாரமாக்க 10 ரூபாய் போதும். மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். இந்தப் பள்ளியில் மொத்தம் எத்தனை இடம், தேர்வானவர்கள் எத்தனை, அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், காலி இடத்தில் காத்திருப்போரில் எத்தனையாவது எண் வரை அழைத்தார்கள், இதைக் கேளுங்கள். மற்ற குழந்தைகளின் பெயர் விவரம் கேட்காதீர்கள். அதைச் சாக்காக வைத்து முழு மனுவையும் மறுத்துவிடுவார்கள். பதில் 30 நாளில் வர வேண்டும். இரண்டு பேர் சேரவில்லை, உங்களையும் அழைக்கவில்லை என்று அந்தப் பதில் சொன்னால், உங்கள் கேஸ் மிக வலுவானது.

சிறுபான்மைப் பள்ளி சொன்னது இன்றைய தேதியில் சரிதான். 2014-ல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. பெரிய அமர்வு மாற்றிச் சொல்லும் வரை பழையதுதான் சட்டம். சென்னையில் மதச் சிறுபான்மை மட்டுமல்ல, மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளும் நிறைய. ஆனால் வாசலில் சொல்வதை அப்படியே நம்பாமல், அந்தஸ்துச் சான்று இருக்கிறதா என்று கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழுந்தனார் யோசனையை அப்படியே மறந்துவிடுங்கள். பொய் முகவரிக்கு ஆவணம் தயாரிப்பதும், அதைத் தெரிந்தே கொடுப்பதும் குற்றம். இடம் கிடைத்த பின் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் போதும். உங்களிடம் உண்மையான முகவரியே பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும்போது பொய் எதற்கு? ஆதாரையும் ரேஷன் கார்டையும் இப்போதே மாற்றுங்கள். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரலில் தொடங்கும். 2025-ல் ஒன்றிய அரசு நிதி தராத தகராறில் அக்டோபர் வரை இழுத்தது. எப்போது திறந்தாலும் உங்கள் காகிதம் தயாராக இருக்கட்டும். எல்.கே.ஜி. வயது தாண்டிவிட்டால், எல்.கே.ஜி. இல்லாமல் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கும் பள்ளியில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்று. வருமானச் சான்றுக்காகத் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைகிறவர்கள் ஏராளம். இரண்டு லட்ச ரூபாய் வருமான வரம்பு 'நலிந்த பிரிவில்' விண்ணப்பிப்பவர்களுக்குத்தான். நீங்கள் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்றால் சாதிச் சான்று வைத்துப் 'பின்தங்கிய பிரிவில்' போடலாம்.

இடம் கிடைத்துவிட்டால் பணம் கேட்பார்கள். புத்தகம், யூனிபார்ம், 'ஆக்டிவிட்டி' என்று பதினைந்தாயிரம் கேட்ட ரசீதுகளைப் பார்த்திருக்கிறேன். 2023-ல் வேலூர் மாவட்டச் சிறுவன் ஒருவனின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இந்தப் பிரிவில் சேர்ந்த குழந்தையிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது, புத்தகம் சீருடைச் செலவும் அரசின் பொறுப்பு.

ஆனால் எல்லாம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதில் முழுக் கட்டணம். அப்போது அரசுப் பள்ளிக்கு மாற்றினால் மகளுக்கு ஒன்றும் போய்விடாது. மருத்துவப் படிப்பின் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். பல பெற்றோருக்கு இது தெரியாது.

செலவு பற்றிக் கேட்டீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100 எண்ணுக்கு அழையுங்கள். ரிட் மனு கடைசிப் படி. புகாருக்குப் பதில் வராமல் நாள் ஓடினால், படிப்பு ஆண்டு போய்விடும் என்று சொல்லி அவசரமாக எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். கோடை விடுமுறையில்கூட விடுமுறைக்கால நீதிமன்றம் உட்காரும்.

இதெல்லாம் அப்புறம். முதலில் அந்தத் தெருமுனைப் பள்ளியின் நோட்டீஸ் போர்டுக்குப் போங்கள். நிராகரித்த விண்ணப்பங்களைக் காரணத்தோடு ஒட்ட வேண்டும் என்பது நடைமுறை. உங்கள் மகளின் விண்ணப்ப எண்ணும் காரணமும் தெரியும்படி, தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கிழிப்பதற்குள் போய்விடுங்கள்.