பேஸ் வாசிப்பவரின் பெயர் என்ன?

அன்புள்ள ஐயா,

என் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு இண்டி பாப் குழு தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை மூன்று பாடல்கள் வெளியாகியுள்ளன. அவர்களை அறிமுகப்படுத்தி நான் எழுதிய கட்டுரையை இணைத்திருக்கிறேன். ‘இண்டி பாப்’ என்று குறிப்பிடுவது சரிதானா? எந்தக் குழுவோடு ஒப்பிட்டால் வாசகர்களுக்கு எளிதில் புரியும்?

எம்.

அன்புள்ள எம்.,

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாடகி மூச்சிழுக்கும் ஓசையைக்கூடப் பதிவில் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களே, அந்தக் காது எல்லோருக்கும் வாய்க்காது.

இண்டி என்பது ‘இண்டிபெண்டன்ட்’ என்பதன் சுருக்கம்; முதலில் இசையின் சாயலைக் குறித்த சொல் அல்ல. 1980இல் பிரிட்டனில் இண்டி தரவரிசை தொடங்கியபோது, இசைத்தட்டைப் பெரிய நிறுவனங்களைச் சாராமல் விநியோகித்தார்களா என்றுதான் பார்த்தார்கள். உங்கள் நண்பர்கள் தாங்களே பதிவு செய்து தாங்களே வெளியிடுகிறார்கள். தாராளமாக அப்படியே போடுங்கள். ஒப்பீடு வேண்டாம், கேட்பவர்கள் செய்துகொள்ளட்டும்.

எனக்குக் கோபம் வந்தது கடைசிப் பத்தியில். “கீபோர்ட், பேஸ், டிரம்ஸ் கலைஞர்களும் பக்கபலமாக இருக்கிறார்கள்.” மூன்று பேருக்கு ஒரு வரி. பெயர்கூட இல்லை. பாடகிக்கு நான்கு பத்தி, அவர் அணியும் கண்ணாடிக்கே இரண்டு வரி! அந்த மூவரும் உங்கள் நண்பர்கள்தானே? கட்டுரையைப் படிக்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா?

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு குழுவின் ஒத்திகைக்கு அடிக்கடி போவேன். ஒருநாள் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டார், வாசிப்பவர் வரவில்லை. நான் பத்துப் பதினைந்து முறை கேட்டிருந்த பாடலைத்தான் ஆரம்பித்தார்கள். பாடகர் வேகம் பிடித்து ஓடினார். டிரம்ஸ் வாசித்தவர் காலியாக இருந்த மூலையையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டார்கள். வராத அந்த பேஸ்காரர் வழக்கமாக என்ன வாசிப்பார் என்று கேட்டிருந்தால் அன்று எனக்கு முணுமுணுக்கக்கூடத் தெரிந்திருக்காது.

அப்படியும் நான் திருந்தவில்லை. அவர்களின் மேடை நிகழ்ச்சியைப் பற்றி எழுதியபோது அவர் பெயரை விட்டுவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. “அன்னைக்கு நானும் மேடையில இருந்தேனே” என்றார், அவ்வளவுதான். இன்றும் எந்தப் பாடலைக் கேட்டாலும் முதலில் பேஸைத் தேடுகிறேன்.

அதைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி, வழக்கமான சுருதியில், நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் அந்த ஒலியை எழுப்ப முடியாது. அதன் மடங்குகளாக மேலே ஒலிப்பவற்றை வைத்து நம் மூளையே அடி ஒலியை ஊகித்துக்கொள்கிறது. நீங்கள் கைபேசியில் கேட்டுத்தான் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல ஹெட்போனில் இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாவது பாடலில் சரணம் தொடங்கும்போது பேஸ் நான்கு தட்டு மௌனமாக இருந்து பிறகு நுழைகிறது. நீங்கள் பாடகியின் குரல் “திடீரென்று மலர்கிறது” என்று எழுதியது அந்த இடத்தைத்தான். குரல் மாறவில்லை, அதன் அடியில் பேஸ் வந்து சேர்ந்தது.

ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 1960களின் வெற்றிப் பாடல்களில் ஏராளமானவற்றுக்கு அவர்தான் பேஸ். வலது கையின் ஒற்றை விரலால் மீட்டுவார். உலகமே அந்தப் பாடல்களுக்கு ஆடியது, ஆனால் இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இருக்காது. 1971இல் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் அச்சேறியது. 1983இல் இறந்துபோனார். இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2000இல்.

ஐந்து பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். முதல் பாடலில் டிரம்ஸ்காரர் ஏன் பாதி வரைக்கும் விளிம்பை மட்டும் தட்டுகிறார்? மெட்டை முதலில் கொண்டுவருவது யார்? கீபோர்ட்காரர் எந்த இடத்தில் கையை எடுத்துவிடுகிறார்? அப்புறம் எழுதி அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன். பேஸ் வாசிப்பவரின் பெயரை முதல் பத்தியிலேயே போடுங்கள்.