ஒரே உரை, இரண்டு ஹாஷ்: பிழை எங்கே?

கேள்வி: என் இணையப் பக்கத்தில் பயனர் தட்டச்சு செய்யும் உரைக்கு ஷா-256 முறையில் ஹாஷ் (உரையின் கைரேகை போன்ற, நிலையான நீளமுள்ள எண்) எடுக்கிறேன். அதே உரைக்கு லினக்ஸ் டெர்மினலில் வேறு ஹாஷ் வருகிறது. தமிழ் உரையென்றால் சில சமயம் இரண்டு கணினிகளுக்கு இடையிலேயே மாறுகிறது. இதற்கென்று நல்ல லைப்ரரி ஏதாவது சேர்க்க வேண்டுமா?

பதில்: லைப்ரரி எதுவும் வேண்டாம். இன்றைய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வெப் கிரிப்டோ என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. அதில் உள்ள டைஜெஸ்ட் ஃபங்ஷன் ஷா-1, ஷா-256, ஷா-384, ஷா-512 ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தரும். பழைய, பாதுகாப்பற்ற ஹாஷ் முறையான எம்டி5 அதில் கிடையாது. அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். பக்கம் ஹெச்டிடிபிஎஸ் வழியாகவோ லோக்கல்ஹோஸ்டிலோ திறந்திருந்தால்தான் இந்த வசதி கிடைக்கும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

சரி, உங்கள் சிக்கலுக்கு வருவோம். ஹாஷ் ஃபங்ஷனுக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு உரைகளில் ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும்.

டெர்மினலில் எக்கோ கட்டளையைப் பயன்படுத்தினீர்களா? அது உரையின் கடைசியில் ஒரு புதுவரிக் குறியைத் தானாகச் சேர்த்துவிடும். பிரிண்ட்எஃப் கொண்டு அனுப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும். பல வரி உரையில் இன்னொரு வம்பு உண்டு. டெக்ஸ்ட்ஏரியாவின் மதிப்பை ஜாவாஸ்கிரிப்டில் படித்தால் வரி முடிவு ஒரு பைட். அதே உரையைப் படிவமாக சர்வருக்கு அனுப்பும்போது பிரவுசர் அதை இரண்டு பைட்டாக மாற்றிவிடும். பக்கத்தில் எடுத்த ஹாஷும் சர்வரில் எடுத்ததும் பொருந்தாமல் போக இது ஒன்றே போதும்.

தமிழ் உரையில் நடப்பது இதைவிட நுட்பமானது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடுகளாக, அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாக. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் யூனிகோடு குறியீடுகளை பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். எந்த வடிவம் வரும் என்பதை உரையைத் தட்டிய விசைப்பலகை மென்பொருள் தீர்மானிக்கிறது. கணினிக்குக் கணினி உங்கள் ஹாஷ் மாறுவதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹாஷ் எடுக்கும் முன், உரையை ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றும் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி என்ற இணைந்த வடிவத்துக்கு அழையுங்கள். அது மூன்றையும் இரண்டாக இணைத்துவிடும். சர்வரிலும் இதையே செய்ய வேண்டும். ஆனால் ஓர் ஆவணம் மாறாமல் இருக்கிறதா என்று சோதிப்பதற்காக ஹாஷ் எடுத்தால் எதையும் தொடாதீர்கள். அங்கே பைட்கள் வந்தபடியே இருக்க வேண்டும்.

அப்புறம், விடையைப் பதினாறடிமான எண்ணாக மாற்றும் இடத்தையும் ஒருமுறை பாருங்கள். ஷா-256 தருவது 32 பைட். எழுதினால் 64 இலக்கம் வர வேண்டும். 62, 63 என்று வந்தால், 16க்குக் குறைவான பைட்களுக்கு முன்னால் சுழியம் சேர்க்க மறந்திருக்கிறீர்கள் என்று பொருள். இத்தனைக்குப் பிறகும் பொருந்தவில்லையென்றால் ஹாஷை விட்டுவிட்டு, இரு பக்கமும் உள்ளே போகும் பைட் வரிசையை அச்சிட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் உடனே கண்ணில் படும்.

எதற்காக ஹாஷ் எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கடவுச்சொல்லைச் சேமிக்கவென்றால் வெறும் ஷா-256 வேண்டவே வேண்டாம். அது வேகமாக ஓடும்படி வடிவமைக்கப்பட்டது; அந்த வேகம் திருடனுக்கும் உதவும். சர்வரில் ஆர்கான்2 போன்ற, வேண்டுமென்றே மெதுவாக ஓடும் முறையைப் பயன்படுத்துங்கள். கைபேசி எண்ணை மறைக்கவென்றாலும் இதே கதைதான்: பத்து இலக்க எண்கள் மொத்தமே 1,000 கோடி. அத்தனைக்கும் ஹாஷ் எடுத்து ஒப்பிட்டு மூல எண்ணைக் கண்டுபிடிக்க, நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள ஒரு கணினியே போதும்.