பரப்பு எப்படித் தூரமாகும்?

அன்புள்ள ஐயா,

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். திசைவேகம்–காலம் வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் இடப்பெயர்ச்சி என்று படித்திருக்கிறேன். கணக்கும் போட்டுவிடுவேன். ஆனால் பரப்பு என்றால் சதுர மீட்டர் அல்லவா? அது எப்படி வெறும் மீட்டராகிறது? வகுப்பில் கேட்டால், "அப்படியே எழுது, மார்க் வரும்" என்கிறார்கள்.

ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

மார்க் வரும்தான். ஆனாலும் நீ கேட்டது கேட்க வேண்டிய கேள்வி.

வரைபடத்தாளை எடு. கிடை அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 2 விநாடி, செங்குத்து அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 3 மீ/வி என்று வைத்துக்கொள். இப்போது ஒரே ஒரு கட்டத்தின் மேல் விரலை வை. ஸ்கேலுக்கு அதன் அகலம் ஒரு சென்டிமீட்டர். நமக்கு அது 2 விநாடி. உயரம், விநாடிக்கு 3 மீட்டர். பெருக்கினால் விநாடியும் விநாடியும் அடிபட்டு 6 மீட்டர் மிஞ்சுகிறது. தாளில் ஒரு சதுர சென்டிமீட்டர். வண்டிக்கு 6 மீட்டர் சாலை. பரப்பின் அலகை முடிவு செய்வது தாள் இல்லை, அச்சுகள்.

ஒரு டவுன் பஸ் நிறுத்தத்திலிருந்து கிளம்பி 10 விநாடியில் 15 மீ/வி வேகம் எடுக்கிறது. 20 விநாடி அதே வேகம். அப்புறம் பிரேக், 6 விநாடியில் நிற்கிறது. படம் ஒரு சரிவகம். முதல் முக்கோணம் 75, நடுச் செவ்வகம் 300, கடைசி முக்கோணம் 45. மொத்தம் 420 மீட்டர். இதைத் தாளில் வரைந்து கட்டங்களை எண்ணு, வெட்டுப்பட்ட கட்டங்களைச் சேர்த்து. 70 வரும். எழுபது ஆறு 420. ஒரு தடவை கையால் எண்ணிவிட்டால் இந்தச் சந்தேகம் திரும்ப வராது.

வேகம் மாறிக்கொண்டே இருக்கும்போது எப்படிப் பெருக்குவது? கோட்டுக்குக் கீழே மெல்லிய பட்டைகளாக நறுக்கு. ஒரு பட்டைக்குள் வேகம் அவ்வளவாக மாறாது; அதனால் அது ஏறக்குறைய செவ்வகம். பட்டை மெலிய மெலியப் பிழையும் குறையும். தொகையிடல் என்று கணக்குப் பாடத்தில் வருவது இதுதான். நின்ற இடத்திலிருந்து a என்ற சீரான முடுக்கத்தோடு t விநாடியில் போகும் தூரம் ½at². அந்த ½ எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறாயா? முக்கோணத்தின் பரப்புக்குப் போடும் பாதி அது.

எனக்கு மிகவும் பிடித்த சரிவகம் பாபிலோனில் இருக்கிறது. கி.மு. 350-க்கும் 50-க்கும் இடைப்பட்ட களிமண் பலகைகளில், வியாழன் கோள் 60 நாளில் நகர்ந்த தூரத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். முதல் நாள் வேகம் நாளுக்கு 12 கலை (ஒரு பாகைக்கு 60 கலை), அறுபதாம் நாள் 9½ கலை. சராசரியை 60-ஆல் பெருக்கினால் 645 கலை, அதாவது 10 பாகை 45 கலை. சரிவகத்தின் பெரிய பக்கம், சிறிய பக்கம் என்று சொல்லியே போட்ட கணக்கு. 2016-இல் மாத்தியூ ஓசன்டிரைவர் என்ற அறிவியல் வரலாற்று ஆய்வாளர் இதை விளக்கி எழுதும்வரை, 14-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில்தான் இந்த யோசனை பிறந்தது என்று நினைத்திருந்தோம்.

ஒன்று மட்டும் கவனம். கோடு அச்சுக்குக் கீழே இறங்கினால் பஸ் பின்னால் போகிறது. அந்தப் பரப்பைக் கழித்தால் இடப்பெயர்ச்சி, கூட்டினால் தூரம்.

அடுத்து சுருள்வில்லின் விசை–நீட்சி வரைபடத்தை வரை. பரப்பு எடுக்கும் முன்பு, ஒரு கட்டம் எத்தனை ஜூல் (வேலையின் அலகு) என்று தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்.

அன்புடன்.